ஓநாய்க்கு மணி கட்டிய ஊர்

மின்கம்பத்தின் உச்சியில் ஓர் ஓநாய் இடுப்பில் கயிறோடு தொங்கிக்கொண்டிருந்ததை எங்கள் ஊரில் முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது, டீக்கடைக்காரர் நான்தான் என்பார், பால் சொசைட்டிக்காரர் இல்லை நான்தான் என்பார், ஆனால் பார்த்த அத்தனை பேரும் முதலில் கேட்டது என்ன என்பதில் மட்டும் ஒரு தகராறும் கிடையாது: “அப்பக் கரண்டு எப்ப வருமுங்க?”

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பங்குனிப் பௌர்ணமி, ஓர் இலைகூட அசையாத சாயங்காலம், மத்தியானமே போய்விட்ட கரண்டு, இந்த மூன்றும் சேர்ந்தால் காங்கேயத்துக்குக் கிழக்கே எந்த ஊரிலும் மனிதனுக்கு ஓநாய் பெரிதாகத் தெரியாது, மின்விசிறிதான் பெரிதாகத் தெரியும். எங்கள் ஊர் கிளுவம்புதூர். கண்ணுக்கெட்டிய மட்டும் மேய்ச்சல் காடு, காட்டைச் சுற்றிக் கிளுவை முள்வேலி, வேலிக்குள்ளே செம்மறி, செம்மறிக்குள்ளே எங்கள் உயிர். ஆட்டுக்குக் காவலாள் வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது, வேலியில் ஆள் நுழைகிற வழி ஒன்று விட்டு அதில் முள்படலைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறவர்கள் நாங்கள், ஏனென்றால் எங்கள் வேலியை நாங்கள் நம்புகிறோம், எங்களையும் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறோம்.

கம்பத்தில் தொங்கியது ஓநாய்தான், ஆனால் ஏறியது ஒயர்மேன் சென்றாயன். தர்மபுரிப் பக்கத்து ஆள், தை மாதம்தான் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தார், ஒடிசலான உடம்பு, பேச்சு குறைவு, வேலை சுத்தம். பௌர்ணமியன்றைக்கு மட்டும் தவறாமல் லீவு போட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவார், கிரிவலம் போகிறார் போலிருக்கிறது என்று நாங்களே ஒரு காரணத்தைச் செய்து வைத்திருந்தோம். அன்றைக்குக் கம்பி அறுந்து விழுந்துவிட்டது, ஊரே போய் அவர் வீட்டு வாசலில் நின்றது, சரி, இந்த ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஏறினார், பாதி வேலையில் இரண்டு பனைமரத்துக்கு நடுவே நிலா தலையைத் தூக்கிவிட்டது. கட்டிங் பிளேயர் கீழே விழுந்தது, கிழிந்த காக்கிச் சட்டை விழுந்தது, ஒரு கையுறை விழுந்தது, இன்னொரு கையுறை எங்கே என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தபோதுதான் நாலு காலும் ஒரு வாலுமாக அது தெரிந்தது.

மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டு, எங்க ஒயர்மேன் ஓநாயாகிட்டாருங்க என்று சொன்னோம். அந்தப் பக்கத்திலிருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, அப்படியா, நாளைக்கு வேற ஆளை அனுப்பறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்போது ஏணியோடு வந்தவள் மைனாவதி. முப்பது தாண்டிய பெண், அப்பா செத்த நாளிலிருந்து மந்தையைத் தனியாளாக நடத்துகிறவள், பெண் பார்க்க வந்த ஒவ்வொருத்தனும் ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வந்துவிடு என்று சொல்லச் சொல்ல, அத்தனை பேருக்கும் காப்பி கொடுத்து வழியனுப்பி வைத்தவள். கம்பத்தில் ஏணியைச் சாத்தினாள், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள், ஏறினாள்.

“ஏனுங்க, கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க. நான் புடிச்சுக்கறனுங்க.”

ஓநாயையும் அவள் வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், சண்டையில் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடிக்கும்போதுகூட ‘உடுங்க’ என்றுதான் சொல்லிக்கொள்வோம். கயிற்றை அறுத்தாள், நொண்டி ஆட்டைத் தூக்குகிற மாதிரி அதைப் பிடரியில் போட்டுக்கொண்டாள், முன்னங்கால் இரண்டும் ஒரு கையில், பின்னங்கால் இரண்டையும் கக்கத்தில் இடுக்கி, இன்னொரு கையால் ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஓநாய் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. தரையில் விட்டதும் அவளை ஒரு நிமிஷம் பார்த்தது, பிறகு மேற்கே ஓடையைத் தாண்டிப் பாறைக் கரட்டுப் பக்கம் போய்விட்டது. ஊர் நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுநாள் மத்தியானம் ஆயிற்று.

காலையில் சென்றாயன் யாரோ காயப்போட்டிருந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு கோயில் முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். மீசை அரும்பிய நாளிலிருந்து இப்படித்தான், பௌர்ணமி நிலா ஏறினால் ஓநாய், இறங்கினால் ஆள், எந்த ஊரிலும் தெரிந்த மறுநாளே மாற்றல், இங்கேயும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், கால்சட்டை மட்டும் யாராவது கொடுங்கள் என்றார். நாங்கள் கூடிப் பேசினோம். இவருக்கு முன்னால் இருந்த ஒயர்மேன் பத்துத் தரம் கூப்பிட்டால் ஒரு தரம் வருவார், வந்தாலும் போஸ்டைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மாசத்தில் ஒரு பொழுது ஓநாயாக இருந்தாலும் மிச்சப் பொழுதெல்லாம் மனுசனாக இருக்கிறவர் கிடைப்பது அவ்வளவு லேசா? ஆளுக்கு ஒரு சீக்கு இருக்கத்தான் செய்கிறது, ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு பிரஷர், சென்றாயனுக்குப் பௌர்ணமி. இருங்கள், எங்கேயும் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அதற்குப் பிறகு நாள்காட்டியில் அமாவாசைக்குக் கொடுத்த மரியாதையைப் பௌர்ணமிக்கும் கொடுத்தோம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஆட்டைப் பட்டியில் அடைத்துப் படலைச் சாத்தி, கதவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது என்று ஊர்க்கட்டு. மோட்டார் ரிப்பேர், மீட்டர் ரிப்பேர் எல்லாவற்றையும் முன்தினமே சொல்லிவிடவேண்டும். மகளிர் குழுக் கூட்டம் தள்ளிப்போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாயங்கால டியூஷனுக்கு அதைச் சாக்காகச் சொல்லிப் பார்த்தார்கள், பிறைநிலா அன்றைக்கும் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், உங்களுக்குப் பயமாயில்லையா என்று கேட்டால், உங்க ஊர்ல லைன் போனா எத்தனை நாள் இருட்டுல கெடக்கறீங்க என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்தோம்.

மைனாவதிக்கு மட்டும் ஏணியில் இறங்கும்போது பார்த்த அந்தக் கண் மூடிய முகம் மனசிலிருந்து போகவில்லை. அவள் கிணற்று மோட்டார் அந்த வருஷம் பட்டபாடு கொஞ்சமல்ல. நல்ல மோட்டார், வாரம் ஒரு தரம் ரிப்பேராகும், சென்றாயன் வருவார், திறந்து பார்ப்பார், ஒன்றும் இல்லீங்களே என்பார், அவள் அப்படீங்களா என்று மோர் கொடுப்பாள். ஒரு நாள் அவர் வந்திருந்தபோது கோடைமழை ஒன்று அடித்துப் பெய்தது, குட்டி போடத் திணறிக்கொண்டிருந்த ஓர் ஆடு நனைந்து நடுங்கியது, இவர் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கண் கலங்கிவிட்டார். அதைப் பார்த்தவன் மைனாவதியின் அண்ணன் நாச்சிமுத்து. வாய்த்துடுக்குக்காரன், ஆனால் தங்கைமேல் உயிர். பட்டிக்கே கேட்கிற மாதிரி சிரித்தான்.

“ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுதாக்கும்! கேட்டிருக்கறேன், இன்னைக்குத்தாண்டா பாக்கறேன்!”

சுற்றி நின்ற நாங்களும் சிரித்தோம். சென்றாயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பழமொழியை அவர் பிறந்த ஊரில் கேட்டவர், படித்த பள்ளியில் கேட்டவர், வேலை பார்த்த ஊரிலெல்லாம் கேட்டவர். அதைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே யார் சாவுக்கும் அழாமல் நின்றவர். இதை மைனாவதியிடம் அவர் சொன்னது அடுத்த வாரம் மோட்டார் ரூமில் வைத்து. அப்போதுதான் அவளும் தன் மனசைச் சொன்னாள்.

“எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. உங்களுக்கு?”

அவர் ஸ்விட்ச்சை ஒரு தரம் போட்டு அணைத்தார். “ஆட்டுக்காரியும் ஓநாயும்னு ஊரு சிரிக்குங்க.”

“ஊரு சிரிச்சாப் பல்லுதானுங்க தெரியும். உங்களுக்குப் புடிச்சிருக்குதான்னு கேட்டேன்.”

“புடிச்சிருக்குங்க. அதான் பயமா இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு என்ன செய்யறேன்னு எனக்கே நெனப்பு இருக்காதுங்க. காலைல எழுந்ததும் மொத வேலையா வாயைத் தொட்டுப் பாப்பேன். ரத்தம் இருக்குதான்னு.”

“இருந்துச்சுங்களா?”

“ரெண்டொரு தடவை. மொசல்னு நெனச்சுக்கிட்டேன். மொசலாத்தான் இருக்கணும்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டேன்.”

பொய் சொல்லத் தெரியாத அந்த மனுசன்மேல் அவளுக்கு அந்த இடத்திலேயே ஆசை இரண்டு பங்காயிற்று, பயமும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. ஆசையை வெளியே சொன்னாள், பயத்தை முழுங்கிக்கொண்டாள்.

கல்யாணம் என்றதும் நாச்சிமுத்து தாம்தூம் என்று குதித்தான். சாதகம் பார்க்காமல் பேச்சே இல்லை என்றான், அதில் எப்படியும் உதைக்கும் என்பது அவன் கணக்கு. சோசியர் சங்கரமூர்த்தி இரண்டு சாதகத்தையும் விரித்துவைத்து ஒவ்வொரு பொருத்தமாக வந்து யோனிப் பொருத்தத்தில் நின்றார். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஒரு மிருகம் உண்டல்லவா, பெண்ணுக்குப் பூசம், அதற்கு ஆடு. மாப்பிள்ளைக்கு மூலம், அதற்கு நாய்.

“நாயோட நிக்குதுங்க, ஓநாய்க்குச் சாஸ்திரத்துல எடமில்லை. ஆட்டுக்குப் பகை கொரங்கு. நாய்க்குப் பகை மான். ஆட்டுக்கும் நாய்க்கும் பகைன்னு எங்கயும் எழுதலீங்க.”

“சோசியரே, ஓநாய் ஆட்டைத் திங்குமுங்க!” என்றான் நாச்சிமுத்து.

“அது காட்டுலீங்க. கட்டத்துல இல்லை,” என்று சாதகத்தைச் சுருட்டிவிட்டார் சோசியர்.

நாச்சிமுத்து தங்கையைப் பார்த்தான், தங்கை அவனைப் பார்த்தாள், தோற்றுப்போனான். ஆனால் ஊர் முன்னால் இரண்டு நிபந்தனை போட்டான். தையில் கல்யாணம், அதற்குள் வருகிற பௌர்ணமிகளில் எவருடைய பட்டியிலாவது ஓர் ஆடு குறைந்தால் கல்யாணம் கிடையாது, ஒயர்மேன் ஊரிலும் கிடையாது. அவன் அப்பாரு காலத்து லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வருவதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை, தேவைப்பட்டால் அதற்கு வேலை வரும் என்றும் சொன்னான். இரண்டாவது நிபந்தனை, பௌர்ணமியன்றைக்கு ஓநாய் கழுத்தில் மணி கட்டவேண்டும். சத்தமில்லாமல் நடக்கிற பிராணி, எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரியவேண்டாமா?

இது எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதான் உலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் ஓநாய்க்கே கட்டப்போகிறோம். மணி எங்கே என்று தேடவும் வேண்டியதில்லை. மைனாவதியின் மந்தைக்கு முன்னால் வருஷக்கணக்காக நடந்த கிழட்டுக் கெடாய் ஆடி மாதம் செத்துப்போயிருந்தது, அதன் கழுத்திலிருந்த வெண்கல மணி ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மணியைத்தான் எடுத்தோம். ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்து ஆட்டின் இருமலை வைத்தே அதன் வயசைச் சொல்கிற நாங்கள், ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, அந்த மணி யாருடைய மணி என்று யோசிக்கவில்லை. மைனாவதியும் யோசிக்கவில்லை.

ஐப்பசிப் பௌர்ணமியன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. பொழுது சாய்கிற நேரத்தில் கோயில் முன்னால் ஊர் கூடி நிற்க, சென்றாயன் கழுத்தைக் குனிய, மைனாவதி மணியைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள். ஆம்பளை கழுத்துல பொம்பளை கட்டற ஊரு நம்மூருதானப்பா என்று யாரோ சொல்ல, சென்றாயனே சிரித்துவிட்டார், அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஊர்க்கட்டுப்படி வீட்டுக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டோம். மேகத்துக்குப் பின்னால் நிலா ஏறியிருக்கவேண்டும், மணிச்சத்தம் பட்டி ஓரமாகப் போய், மேற்கே நகர்ந்து, மழைக்குள் கரைந்தது. போய்விட்டது, தூரமாகப் போய்விட்டது என்று நிம்மதியாகப் படுத்தோம். அவ்வளவு நிம்மதியாக எந்தப் பௌர்ணமியிலும் நாங்கள் தூங்கியதில்லை.

விடிகிற நேரத்தில் நாச்சிமுத்து போட்ட கூச்சலில்தான் எழுந்தோம். மைனாவதியின் பட்டியில் படல் உள்ளேயிருந்து தள்ளி மல்லாக்க விழுந்து கிடந்தது, உள்ளே ஓர் ஆடுகூட இல்லை. நாச்சிமுத்துவின் பட்டியிலும் இல்லை. சோசியர் பட்டியிலும் இல்லை. ஒவ்வொரு படலாகப் பார்த்துக்கொண்டு போனோம், எல்லாம் விழுந்து கிடந்தன, ஊரில் ஆடு என்று சொல்லிக்கொள்ள ஒரு புழுக்கை மட்டும் மிச்சமிருந்தது. நாச்சிமுத்து வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியோடு வந்தான்.

மைனாவதிக்கு அழுகை வரவில்லை. அவர் செய்திருப்பாரா? செய்திருக்கலாம், அவருக்கே தெரியாதென்று அவர்தானே சொன்னார். ஆடு போனால் பிழைப்பு போயிற்று, அவர் போனால் மனசு போயிற்று, இரண்டும் ஒரே ராத்திரியில் போயிற்றென்றால் தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று அவள் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். மழை தூறலாகியிருந்தது. ஓடைக்குப் போகிற தடத்தில் களிமண் நிலம், அதில் சுவடு பதிந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள், நகர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

“அண்ணா, இங்க வந்து பாருங்க. இது அவிக காலு. இதுக்கு மேல ஆட்டுக்காலு மிதிச்சிருக்குது. இங்கயும் அப்படித்தான். எல்லாப் பக்கமும் அவிக காலு அடியில, ஆட்டுக்காலு மேல.”

“அதுக்கென்னம்மிணி?”

“தொரத்தறவன் பின்னால போவானா, முன்னால போவானா?”

நாச்சிமுத்து சுவட்டைப் பார்த்தான், நாங்களும் பார்த்தோம். ஓநாய்தான் முன்னால் ஓடியிருந்தது, ஆடுகள் பின்னால் துரத்தியிருந்தன. இந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அவையும் திரும்பியிருந்தன. வேலியைத் தாண்டியிருந்தது, அவை வேலியைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தன. ஓர் இடத்தில் மணியை உரசி உரசிக் கழற்றப் பார்த்த மாதிரி வேப்பமரத்துப் பட்டை உரிந்திருந்தது. மைனாவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். “மூணு முடிச்சுப் போட்டேனே,” என்றாள். அந்த வெண்கல மணி முன்னால் போனால் பின்னாலேயே போகவேண்டும் என்று குட்டியிலிருந்து பழகிய மந்தை, அந்தச் சத்தம் பட்டி ஓரமாகப் போனதும் படலைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது, அதைப் பார்த்து மற்ற மந்தைகளும் கிளம்பிவிட்டன, ஆடு ஆட்டின் பின்னால் போவதற்குக் காரணமா வேண்டும்? ஆட்டைவிட்டுத் தூரமாகப் போகப் பார்த்த ஓநாயின் பின்னால் ஊர் ஆடு அத்தனையும் போயிருந்தது.

ஓடைக்கரைக்கு வந்தபோது வெள்ளம் செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவே ஒரு திட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர், திட்டு முழுக்க எங்கள் ஆடுகள், ஆடுகளுக்கு நடுவே பாறைமேல் ஓநாய். முதுகு முட்டி, வயிறு முட்டி, கால் வைக்க இடமில்லாமல் அவை அதை நெருக்கிக்கொண்டு நின்றன. தண்ணீர் திட்டின் ஓரத்து ஆடுகளின் முழங்காலை நனைத்துக்கொண்டிருந்தது. ஓநாய் தலையைத் தூக்கிச் சத்தமிட்டது. ஊளையை நாங்கள் கேட்டிருக்கிறோம், அது ஊளை இல்லை.

நாச்சிமுத்து துப்பாக்கியை உயர்த்தினான். பழக்கதோஷம், வாய் தானாக வந்தது. “பாத்தீங்களா, ஆடு நனையுதுன்னு...” என்று தொடங்கியவன் பாதியில் நின்றுவிட்டான். ஏனென்றால் ஆடு நனைந்துகொண்டிருந்தது, ஓநாய் அழுதுகொண்டிருந்தது. கண்ணிலிருந்து வழிந்து மூக்கோரமாக இறங்குவது மழைத்தண்ணீர் இல்லை என்பது இந்தக் கரைக்கே தெரிந்தது. எங்களில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை.

துப்பாக்கி மட்டும் இறங்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஆடும் இல்லை ஊரும் இல்லை, அழுகிற ஓநாயும் ஓநாய்தானே என்று அவன் நின்றான். மைனாவதி அவன் கையைப் பிடிக்கவில்லை.

“சுடறதுன்னாச் சுடுங்கண்ணா. ஆனா அந்த மணிச்சத்தம் நின்னுச்சுன்னா ஒரு ஆடு இக்கரைக்கு வராது.”

சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். ஓடைக்குக் குறுக்கே கட்டிய தடுப்பணையின் சுவர் அங்கே தண்ணீருக்குள் முழங்காலளவு ஆழத்தில் திட்டுவரைக்கும் போகிறது, மேய்க்கிறவளுக்கு அது தெரியும். சுவரின்மேல் பாதி தூரம் போய் நின்று கையை நீட்டினாள்.

“ஏனுங்க, கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க. மணியை ஆட்டிக்கிட்டு வாங்க.”

கம்பத்தில் கேட்ட அதே குரல். ஓநாய் அவளைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் கரையில் நிற்கிற துப்பாக்கியையும் பார்த்தது. ஆட்டைக் கரை சேர்க்கவேண்டுமென்றால் அது துப்பாக்கியைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும், வேறு வழியில்லை. பாறையைவிட்டு இறங்கியது. ஓர் அடி வைத்தது, நின்றது, திரும்பியது. பாறையின் அடியில் ஓர் ஆடு அந்த ராத்திரியிலேயே குட்டி போட்டிருந்தது, ஈரம் காயாத குட்டி, நிற்கவே தெரியாதது, தாய் அதைவிட்டு நகர மாட்டேன் என்று நின்றது. ஓநாய் குனிந்து குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கியது.

நாச்சிமுத்துவின் விரல் துப்பாக்கி விசையில் இருந்தது. மைனாவதி நீட்டிய கையை மடக்கவில்லை. அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய், ஆனால் மடக்கவில்லை.

வாயில் குட்டி, கழுத்தில் மணி, தண்ணீருக்குள் சுவர். ஓநாய் ஒவ்வொரு அடியாக வந்தது, மணி ஒவ்வொரு அடிக்கும் ஒலித்தது, அந்த ஒலிக்குப் பின்னால் தாயாடு இறங்கியது, தாய்க்குப் பின்னால் கெடாய், கெடாய்க்குப் பின்னால் மந்தை, மந்தைக்குப் பின்னால் மந்தை, ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு, வெள்ளத்தின்மேல் கயிறு இழுத்துக் கட்டிய மாதிரி நேராக, கிளுவம்புதூரின் செல்வம் அத்தனையும் ஓர் ஓநாயை நம்பி வந்தது. கரையேறியதும் அது நேராக நாச்சிமுத்துவிடம் போய் அவன் காலடியில் குட்டியை வைத்துவிட்டு, அவன் சுடட்டும் என்பது போல அங்கேயே படுத்துவிட்டது.

மேற்கே கரட்டுக்குப் பின்னால், மேகத்துக்குப் பின்னால், நிலா இறங்கியிருக்கவேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோமம் உள்வாங்கியது, கால்கள் நீண்டன, முதுகு மனுச முதுகாயிற்று. ஓநாயின் கண்ணில் கிளம்பிய கண்ணீர் ஒன்று சென்றாயனின் மோவாயில் வந்து சொட்டியது. எழுந்து உட்கார்ந்தவர் சுற்றி நிற்கிற ஊரைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், எதுவும் புரியவில்லை, பழக்கப்படி கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். ரத்தம் இல்லை. குட்டியின் வெள்ளை ரோமம் நாலு ஒட்டியிருந்தது. அதை விரலில் வைத்துக்கொண்டு அவர் மைனாவதியைப் பார்த்தார், அவள் தலையை ஆட்டினாள், அதற்குமேல் அவர் யாருக்கும் ஒளிக்காமல் விம்மி விம்மி அழுதார்.

நாச்சிமுத்து துப்பாக்கியைக் கீழே வைத்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினான்.

“கட்டிக்குங்க மாப்பிள்ளை. ஒறம்பரை சொந்தமெல்லாம் பாக்குது.”

ஆடுகளை எண்ணினோம். கணக்கு இடித்தது, மறுபடி எண்ணினோம், ஒன்று கூடுதலாகத்தான் இருந்தது. குறைந்தால்தான் கல்யாணம் இல்லை என்று பேச்சு, கூடினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் சோசியரைக் கூப்பிட்டு அங்கேயே முகூர்த்தம் குறித்தோம். பத்திரிகை அடித்துக் கொடுத்து முடித்த பிறகுதான், மாப்பிள்ளை என்ன சாதி என்று கேட்கவே மறந்துவிட்டோம் என்பது எங்களில் சிலருக்கு ஞாபகம் வந்தது. ஓநாயா என்று விசாரித்த மும்முரத்தில் அது விட்டுப்போயிற்று. இனிமேல் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று விட்டுவிட்டோம், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அந்த மணி இன்னும் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மைனாவதிதான் கட்டிவிடுகிறாள், ஒரே முடிச்சு. இப்போதெல்லாம் அன்றைக்கு நாங்கள் படலையே சாத்துவதில்லை. மணி எங்கே நிற்கிறதோ அங்கே ஆடு படுத்துக்கொள்கிறது, பக்கத்து ஊர்களில் ஆடு கடிக்கிற தெருநாய் ஒன்றுகூட எங்கள் எல்லையில் கால் வைப்பதில்லை. மைனாவதிக்கும் சென்றாயனுக்கும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. மீசை அரும்பும்போதுதானே தெரியும், இவளுக்கு எப்படித் தெரியும் என்று சோசியரிடம் கேட்டார்கள், தெரிகிறபோது தெரியட்டும், மணி இருக்கிறது என்றுவிட்டார்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு இடம் பார்க்கப் போனால் வீடு, வேலை, காடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாக, மாப்பிள்ளை ஆள் எப்படீங்க என்று கேட்போம். தெரிந்தவர் யாராவது, “ஆடு நனைஞ்சா அழுவாருங்க” என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் நாங்கள் விசாரிப்பதில்லை.